வெறுப்பு, பகைமை, அவமதிப்பு: வ.உ.சி. வழக்கும் ஆங்கிலச் சொற்களின் பொருள் வேறுபாடும்

ஒருவர் மற்றொருவர் மீது கொள்ளும் தீய எண்ணத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. ஹேட்ரெட், என்மிட்டி, கன்டெம்ப்ட், மேலிஸ், கிரட்ஜ், இல்-வில், டிஸ்அஃபெக்ஷன் ஆகியவை அவற்றுள் சில. அகராதியில் இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்களாக நிற்பதால், மாணவர்கள் இவற்றை ஒரே பொருளுடையவை என்றே மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் இவற்றின் பொருள் வேறுபாடு தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. 1908ஆம் ஆண்டு, கரிசல் பூமியான ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு நாற்பது ஆண்டு தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது, சட்டப் புத்தகத்தில் இருந்த இத்தகைய சில சொற்களின் அடிப்படையில்தான். அச்சொற்களின் பொருளையும், அவை சட்டத்தில் புகுந்த வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களும் பொருள்களும்

ஹேட்ரெட் என்பது வெறுப்பு. இது ஒருவர் மனத்துக்குள் இருக்கும் உணர்ச்சி. வெறுக்கப்படுபவருக்கு அது தெரியாமலே இருக்கலாம்.

என்மிட்டி என்பது பகைமை. நண்பன் அல்லாதவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இது உணர்ச்சியை விட உறவின் நிலையையே முதன்மையாகக் குறிக்கும். அதனால் இரு தரப்பு வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் "அவுக ரெண்டு பேருக்கும் ஆகாது" என்பார்களே, அதுவே இதற்கு நெருங்கிய தமிழ்.

கன்டெம்ப்ட் என்பது தாழ்வாக எண்ணுதல். வெறுப்பவன் எதிராளியைப் பெரியவனாகவும் நினைக்கலாம். கன்டெம்ப்ட் உடையவனோ அவனை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. "எளக்காரமாப் பாக்கான்" என்ற பேச்சு வழக்கு இதைச் சரியாகச் சொல்லிவிடும்.

கிரட்ஜ் என்பது பழைய குறை ஒன்றை மறக்காமல் வைத்திருப்பது. முணுமுணுத்தலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் இதன் மூலம். "கறுவிக்கிட்டுத் திரியுதான்" என்பதில் வரும் கறுவுதலே இது.

மேலிஸ் என்பது தீங்கு செய்யும் நோக்கம். சட்டத்தில் இதன் பொருள் இன்னும் விரிந்தது. தனிப்பட்ட பகை இல்லாவிட்டாலும், தக்க காரணமின்றி வேண்டுமென்றே செய்யும் தவறான செயல் மேலிஸ் உடையதாகும் என்று 1825ஆம் ஆண்டிலேயே ஆங்கில நீதிமன்றம் விளக்கியது.

இல்-வில் இவை எல்லாவற்றிலும் மென்மையானது, பரந்தது. மற்றவருக்கு நல்லது நடக்க வேண்டாம் என்ற எண்ணம் இருந்தாலே போதும். அதற்குச் சொல்லோ செயலோ தேவையில்லை.

டிஸ்அஃபெக்ஷன் மற்றவற்றிலிருந்து வேறானது. அஃபெக்ஷன் என்றால் அன்பு. முன்பு இருந்த அன்பும் பற்றும் அற்றுப்போவதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். "மனசு விட்டுப்போச்சு" என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான். மனம் விட்டுப்போனவர் ஒதுங்கி நிற்பார். அடிக்க வர வேண்டும் என்பதில்லை.

சட்டத்துக்குள் வந்த சொல்

மெக்காலே 1837இல் தயாரித்த தண்டனைச் சட்ட வரைவில், அரசுக்கு எதிராக டிஸ்அஃபெக்ஷன் தூண்டுவதைக் குற்றமாக்கும் பிரிவு இருந்தது. 1860இல் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது அது விடுபட்டுப்போயிற்று. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் சட்ட உறுப்பினராக இருந்தபோது, 1870இல், 124-ஏ என்ற எண்ணுடன் அது சேர்க்கப்பட்டது. அப்போது அதன் மையச் சொல் டிஸ்அஃபெக்ஷன் ஒன்றே. அரசின் நடவடிக்கைகளை ஏற்காமல் கண்டிப்பது, அரசுக்குக் கீழ்ப்படியும் மனநிலையோடு பொருந்துமானால், குற்றமாகாது என்று விளக்கமும் தரப்பட்டது.

இங்கேதான் சிக்கல். அன்பு அற்றுப்போதல் குற்றமா, பகை குற்றமா? சட்டம் தெளிவாகச் சொல்லாததால் நீதிபதிகள் சொல்ல வேண்டியதாயிற்று.

1891இல் கல்கத்தாவில் 'பங்கபாசி' இதழ் மீது நடந்த வழக்கில், தலைமை நீதிபதி பெத்தரம், டிஸ்அஃபெக்ஷன் என்பது அன்புக்கு எதிரான உணர்ச்சி, அதாவது விருப்பமின்மை அல்லது வெறுப்பு என்றார். அதே சமயம், ஒருவருடைய செயலை ஏற்காமலே அவரை விரும்பவும் முடியும் என்று கண்டனத்தைத் தனியே பிரித்துக் காட்டினார். மகன் செய்ததைக் கண்டிக்கும் தந்தை அவனை வெறுப்பவர் அல்லர் அல்லவா? அவ்வழக்கில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

1897இல் பம்பாயில் திலகர் மீதான வழக்கில் இந்த எல்லை அகன்றது. நீதிபதி ஸ்டிரேச்சி, டிஸ்அஃபெக்ஷன் என்றால் அன்பின்மை என்று தொடங்கி, வெறுப்பு, பகைமை, விருப்பமின்மை, அவமதிப்பு என அடுக்கி, அரசு மீதான எவ்வகை இல்-வில்லும் அதில் அடங்கும் என்று ஜூரிகளுக்கு விளக்கினார். திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1898இல், சட்டம் திருத்தப்பட்டது. ஹேட்ரெட், கன்டெம்ப்ட் ஆகிய இரண்டும் டிஸ்அஃபெக்ஷனோடு சேர்ந்தன. டிஸ்அஃபெக்ஷன் என்பது விசுவாசமின்மையையும் எல்லா வகைப் பகையுணர்வையும் உள்ளடக்கும் என்று விளக்கமும் வந்தது. தூண்ட முயன்றாலே குற்றம். யார் மனமாவது மாறியதா என்று பார்க்க வேண்டியதில்லை. வெவ்வேறு பொருளுடைய சொற்கள் இவ்வாறு ஒரே தண்டனைக்குள் வந்தன.

அதே ஆண்டு 153-ஏ பிரிவும் சேர்க்கப்பட்டது. மக்களின் இரு பிரிவினரிடையே பகைமையோ வெறுப்போ வளர்ப்பதை அது தண்டித்தது. இரண்டையும் ஒப்பிட்டால் ஆட்சியாளர்களின் அச்சம் எது என்று விளங்கும். மக்களுக்குள் பகை மூட்டினால் அதிக அளவாக இரண்டு ஆண்டுச் சிறை. அரசின் மீதிருந்த அன்பைக் குலைத்தால் ஆயுள் முழுதும் தீவாந்தரம்.

1908: தூத்துக்குடியும் திருநெல்வேலியும்

வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடி–கொழும்பு வழியில் கப்பல் விட்டார். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசி ஆதரவு திரட்டினர். மார்ச் 12ஆம் தேதி இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட கலவரத்தில் போலீசார் சுட்டதில் நால்வர் இறந்தனர்.

வழக்கு திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றத்தில் நீதிபதி பின்ஹே முன் நடந்தது. 1908 ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. தாம் பேசியதற்காக ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மற்றோர் ஆயுள் தண்டனை என வ.உ.சி.க்கு இரண்டு விதிக்கப்பட்டன. சிவாவுக்குப் பத்து ஆண்டு. சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனையை வெகுவாகக் குறைத்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்த வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்குள் கப்பல் கம்பெனி அழிந்துவிட்டது.

இவ்வழக்கில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது மொழி. பேச்சுகள் தமிழில் நிகழ்ந்தன. கேட்டவர்கள் ஆலைத் தொழிலாளரும் கடைக்காரரும் ஊர்ப் பொதுமக்களும். அந்தப் பேச்சுகள் ஆங்கிலமாக்கப்பட்டு, ஆங்கிலச் சட்டத்தின் சொற்களோடு ஒப்பிடப்பட்டன. கூலியை உயர்த்து என்பது ஒரு கோரிக்கை. அந்நியத் துணியை வாங்காதே என்பது ஓர் ஒதுக்கம். அந்நிய ஆட்சி வேண்டாம் என்பது ஓர் அரசியல் கொள்கை. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. டிஸ்அஃபெக்ஷன் என்ற விரிந்த சொல்லுக்குள் மூன்றையும் போட்டுவிட முடிந்தது. தமிழ் மக்களும் அக்குற்றத்தை 'இராஜத் துரோகம்', 'இராஜ நிந்தனை' என்றே பெயரிட்டு வழங்கினர். ஆனால் துரோகம் ஒரு செயல், நிந்தனை ஒரு பேச்சு, டிஸ்அஃபெக்ஷனோ ஒரு மனநிலை. மூன்றும் ஒன்றல்ல.

தமிழ் மரபில் இவ்வேறுபாடுகள் பழமையானவை. திருக்குறளில் அழுக்காறாமைக்கும் வெகுளாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. இகல், பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல், உட்பகை ஆகிய நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. வ.உ.சி. குறளுக்கு உரை எழுதியவர். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர். சொல்லின் எல்லை அறிந்த ஒருவரே சொல்லின் எல்லை அழிந்ததால் தண்டிக்கப்பட்டார்.

அவர் மனத்தில் இருந்தது எது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இழந்த வழக்கறிஞர் உரிமத்தை மீண்டும் பெற நீதிபதி வாலஸ் என்ற ஆங்கிலேயர் உதவினார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. உரிமம் கிடைத்தபின் கோவில்பட்டியில் சில காலம் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். ஆங்கில ஆட்சியின் மீது பகைமை கொண்டிருந்தார். ஆங்கிலேயர் மீது வெறுப்புக் கொண்டிருக்கவில்லை. என்மிட்டிக்கும் ஹேட்ரெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

பின்னர் நடந்தவை

1922இல் காந்தியடிகள் இதே 124-ஏ பிரிவில் விசாரிக்கப்பட்டபோது, அன்பைச் சட்டத்தால் உண்டாக்கவோ ஒழுங்குபடுத்தவோ முடியாது என்று நீதிமன்றத்திலேயே கூறினார். சொல்லின் வேர்ப்பொருளையே அவர் பிடித்துக் கேட்டார் எனலாம்.

விடுதலைக்குப் பின், 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் எல்லையைக் குறுக்கியது. வன்முறைக்கோ பொது ஒழுங்கின் குலைவுக்கோ தூண்டும் பேச்சுக்கே அது பொருந்தும் என்றது. 2022 மே மாதம் அப்பிரிவின் பயன்பாட்டை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் டிஸ்அஃபெக்ஷன் என்ற சொல் இல்லை. பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி போன்றவற்றைத் தூண்டுவது பற்றி அதன் 152ஆம் பிரிவு பேசுகிறது.

ஆனால் பழைய 153-ஏ பிரிவின் வழிவந்த 196ஆம் பிரிவில் என்மிட்டி, ஹேட்ரெட், இல்-வில் ஆகிய மூன்று சொற்களும் அடுத்தடுத்து இன்றும் உள்ளன. பகைமை, வெறுப்பு, தீய எண்ணம் என்று மூன்றாக எழுதியிருப்பதால் மூன்றுக்கும் பொருள் வேறு என்பதே சட்டத்தைப் படிக்கும் முறை. சமூக ஊடகத்தில் எழுதும் ஒவ்வொருவரையும் இப்பிரிவு தொடக்கூடும். எனவே ஒரு பேச்சைப் படிக்கும்போது, பேசியவர் கண்டிக்கிறாரா, மனம் விட்டுப்போய்ப் பேசுகிறாரா, இளக்காரம் செய்கிறாரா, பகை மூட்டுகிறாரா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது, ஆங்கிலம் கற்கும் மாணவருக்கு மட்டுமன்றி எல்லாக் குடிமக்களுக்கும் வேண்டிய அறிவாகும்.