கைக்கடங்கிய சதுரங்கக் கணினி – ஒரு வரலாற்று நோக்கு

மனிதனின் உடலுழைப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட இயந்திரத்தை ஊவா மலைநாட்டு மக்கள் நன்கறிவர். அப்புத்தளைக்கு அண்மையில் தம்பேதன்னவில் தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் நிறுவிய தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் வேலையையும் உலர்த்தும் வேலையையும் பொறிகள் செய்தன. கை செய்ததை இரும்பு செய்யும் என்பதில் அக்காலத்திலேயே எவருக்கும் ஐயமிருக்கவில்லை. ஆயின், கருத்து செய்வதை இரும்பு செய்யுமா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை காண அறிஞர் தேர்ந்த ஆய்வுக்களங்களுள் தலையாயது சதுரங்கம். நூற்றாண்டுக் கணக்கில் நீண்ட அம்முயற்சி ஈற்றில் உள்ளங்கையளவு பெட்டியொன்றினுள் அடங்கியது. ஆற்றல் மிகுந்ததனால் மட்டும் அப்பெட்டி ஆடக் கற்கவில்லை. தன் வறுமையைச் சூழ்ச்சியால் வென்றே அது ஆடக் கற்றது. அதன் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.

தொடக்கம் ஒரு வஞ்சனையாகும். 1770இல் வியன்னா அரசவையில் கெம்பலன் காட்டிய 'துருக்கியன்' என்னும் பாவை ஐரோப்பாவையே வியப்பில் ஆழ்த்தியது. அதன் பெட்டியுள் மனித ஆட்டக்காரன் ஒருவன் ஒளிந்திருந்தான் என்பது பின்னர் வெளிப்பட்டது. மெய்யாகவே தானே ஆடிய பொறியை ஸ்பானிய பொறியியலாளர் தொரெஸ் கெவெதோ 1914இல் பாரிஸில் காட்டினார். அப்பொறி அரசனும் கோட்டையும் கொண்டு, தனித்த எதிரரசனை மடக்குவது. முழு ஆட்டத்தையும் அஃது அறியாது. அறிந்த சிறுபகுதியைப் பிழையின்றி முடித்தது.

முழு ஆட்டத்துக்குமான கொள்கையை வகுத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷனன் ஆவார். 1950இல் வெளிவந்த அவரது கட்டுரை இருவழிகளைக் காட்டியது. எல்லா நகர்வுகளையும் குறித்த ஆழம்வரை ஆராய்தல் ஒரு வழி. பயன்தரத் தக்கனவற்றை மட்டும் தெரிந்து ஆராய்தல் மற்றையது. முதல் வழியின் இடர் எண்ணிக்கையிற் பிறப்பது. ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்வுகள் உண்டெனக் கொள்ளின், இருவரும் இருமுறை ஆடுவதற்குள் 8,10,000 நிலைகளும் மும்முறை ஆடுவதற்குள் 72 கோடியே 90 இலட்சம் நிலைகளும் தோன்றும். அறை நிறைந்த பெருங்கணினிக்கே இது பெருஞ்சுமையாயிருந்தது.

சுமையைத் தாங்கும் உறுப்பு அறையளவிலிருந்து நகத்தளவுக்குச் சுருங்கியமை அடுத்த திருப்பமாகும். இன்டெல் நிறுவனம் 1971இல் 4004 என்னும் நுண்செயலியையும் 1974இல் 8080 என்பதையும் வெளியிட்டது. 6502 நுண்செயலி 1975இல் வந்தது. அதனைக் கொண்ட கிம்-1 என்னும் சிறு கணினிக்காகக் கனடாவில் பீட்டர் ஜெனிங்ஸ் 1976இல் எழுதிய 'மைக்ரோசெஸ்' ஏறத்தாழ ஒரு கிலோபைற்று நினைவகத்தில் அடங்கியது. ஒரு கிலோபைற்று என்பது 1,024 எழுத்துக்குறிகளுக்கு மட்டுமே இடந்தருவது. அச்சிட்ட நூலின் ஒரு பக்கத்துக்கும் அது போதாது. மறு ஆண்டில், ரொன் நெல்சன் உருவாக்கிய 'செஸ் சலஞ்சர்' பொறியை அமெரிக்காவின் பிடெலிட்டி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆடுபவன் தன் நகர்வை விசைகளால் அறிவிப்பான். பொறி தன் மறுமொழியை ஒளிரும் குறிகளாற் காட்டும். இருவர் காய்களையும் நகர்த்த வேண்டியவன் மனிதனே. முதற் பதிப்பின் பலகையில் எண்களும் எழுத்துகளும் வழக்கத்துக்கு மாறாக இடம்மாறி நின்றன என்பது அத்துறையின் இளமைக்குச் சான்றாகும்.

மேசைப்பொறி கைப்பொறியாகச் சுருங்குவதற்கு மின்சாரச் செலவு தடையாயிருந்தது. அத்தடையை நீக்கியவை சிற்றளவு மின்னோட்டத்தில் இயங்கும் 'சீமொஸ்' வகைச் சில்லுகள். மியூனிக் நகரில் 1980இல் தோன்றிய முதல் மெபிஸ்டோ பொறி இவ்வகையான 1802 நுண்செயலியைக் கொண்டிருந்தது. ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட சைசிஸ் (பின்னாளில் சைடெக்), நோவாக் ஆகிய நிறுவனங்கள் 1980களில் பயணப் பொறிகளைப் பெருக்கின. அவ்வகைப் பொறிகள் பலவற்றில் ஹிட்டாச்சி 6301 என்னும் ஒற்றைச்சில்லுக் கணினி இடம்பெற்றது. அதன் அழியா நினைவகம் 4 கிலோபைற்று. அதில் நிரல் முழுவதும் நிலையாகப் பதிந்திருக்கும். ஆட்டத்தின்போது எழுதி அழிக்கும் நினைவகமோ 128 பைற்று மட்டுமே. பலகையின் 64 கட்டங்களையும் கட்டத்துக்கொரு பைற்றாக எழுதின் இதிற் பாதி தீர்ந்துவிடும். 32 காய்களும் நிற்கும் இடங்களை மட்டும் குறித்துவைப்பின் காற்பங்கு போதும். இரண்டாவது முறையையே ஜெனிங்ஸ் முன்னரே கையாண்டிருந்தார். இவ்வாறு ஒவ்வொரு பைற்றும் எண்ணிச் செலவிடப்பட்டது.

மென்பொருளிலும் இச்சிக்கனமே ஆட்சி செய்தது. 'அல்பா-பீட்டா' எனப்படும் முறை இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. நல்லதொரு நகர்வு கைவசம் இருக்கையில், வேறொரு நகர்வை ஆராயும்போது அதனை அதனினும் தாழ்த்தும் ஒரே ஒரு மறுமொழி எதிரிக்கு உண்டெனக் கண்டாலே போதும். எஞ்சிய மறுமொழிகளைக் காணாது அந்நகர்வைத் தள்ளிவிடலாம். நகர்வுகள் சிறந்த வரிசையில் அமையுமாயின், மேற்கூறிய 8,10,000 நிலைகளுக்குப் பதிலாக 1,799 நிலைகளை நோக்கினாலே அதே விடை கிடைக்கும். விடையில் எள்ளளவும் குறைவு நேராது என்பதே இதன் சிறப்பு.

எனினும் ஒரு குறை எஞ்சியது. அப்புத்தளை முகட்டில் நிற்பவனுக்குத் தெற்கே தாழ்நிலம் விரிந்து கிடப்பினும், மூடுபனி எங்கே தொடங்குகின்றதோ அங்கேயே அவன் பார்வை முடிகின்றது. பொறியின் நோக்கும் அத்தகையதே. தன் ஆழத்துக்கு ஒரு படி அப்பால் அரசி வெட்டுண்பதை அஃது அறியாது. இழப்பைப் பார்வைக்கு அப்பாலே தள்ளிவைத்து, தப்பிவிட்டதாகவும் கருதும். இதற்கு 'அடிவான விளைவு' என ஹான்ஸ் பெர்லினர் பெயரிட்டார். வெட்டும் நகர்வுகளை மட்டும் நிலை அமைதியுறும்வரை தொடர்ந்து நோக்குவதே நிரலாளர் கண்ட பரிகாரம். எதிரி சிந்திக்கும் நேரத்திலேயே தானும் சிந்திப்பது, தொடக்க நகர்வுகளை முன்கூட்டியே பதிந்து வைப்பது என்பனவும் பின்னர்ச் சேர்ந்தன.

இப்பொறியின் சமூகப் பொருள் ஈண்டு நோக்கத்தக்கது. சதுரங்கத்துக்கு இருவர் வேண்டும். கழகமும் ஆசானும் இல்லாத இடத்தில் இரண்டாமவனே அரியவன். அவ்வெற்றிடத்தை நிரப்பவே கைப்பொறி பிறந்தது. உலர்மின்கலத்தில் இயங்கியமையால் மின்னிணைப்பும் அதற்கு வேண்டப்படவில்லை. தொழிற்சாலையில் மின்விளக்கு எரிந்த காலத்திலும், அடுத்த மேட்டிலிருந்த லயன் அறைகளிற் பெரும்பாலானவை 1980களில் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. அங்கே பாட்டையும் செய்தியையும் கொணர்ந்தது மின்கலத்தில் இயங்கிய வானொலிப் பெட்டி. செஸ் சலஞ்சர் தோன்றிய 1977ஆம் ஆண்டின் இறுதியிலேயே இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. ஆயின், கதவு திறந்தமை வேறு, கைக்கு எட்டியமை வேறு. அத்தகைய பொறியின் விலை நாட்கூலிக் குடும்பத்தின் வரவுக்கு அப்பாற்பட்டது. மின்சாரமில்லா இடத்துக்கு முற்றும் பொருந்திய கருவி, அவ்விடத்து மக்களுக்கே பொருந்தா விலையில் நின்றது.

இத்துறையிற் பயின்ற நிரலாளரின் திறன் சிறுபெட்டியோடு நின்றுவிடவில்லை. 1985 முதல் உலக நுண்கணினிச் சதுரங்கப் பட்டங்களை அடுத்தடுத்து வென்ற மெபிஸ்டோ மேசைப்பொறிகளின் நிரலாளர் ரிச்சர்ட் லாங், 1994இல் 'செஸ் ஜீனியஸ்' என்னும் நிரலை இலண்டன் விரைவாட்டப் போட்டிக்குக் கொணர்ந்தார். அது கஸ்பரோவையே வீழ்த்தியது. அரையிறுதியில் அதனைத் தடுத்து நிறுத்தியவர், மயிலாடுதுறையிற் பிறந்து சென்னையிற் பயின்ற விசுவநாதன் ஆனந்த். 1997இல் கஸ்பரோவை வென்ற 'டீப் புளூ' பெருங்கணினி நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. 2009இல் புவெனஸ் ஐரிஸில் நடந்த போட்டியில் 10 ஆட்டங்களில் 9½ புள்ளி பெற்ற 'பொக்கெட் பிரிட்ஸ் 4' ஒரு கைத்தொலைபேசியில் இயங்கியது. அது நொடிக்கு 20,000 நிலைகளைக்கூட ஆராயவில்லை. பத்தாயிரத்தில் ஒருபங்கு வேகம் கொண்டு அந்நிலையை எய்தியமைக்கு, எதனை ஆராயாது விடுவது என்னும் அறிவே காரணமாகும்.

இன்று தனிச் சதுரங்கப் பொறியின் இடத்தைக் கைத்தொலைபேசி கைப்பற்றியுள்ளது. முன்னது எட்டாத தோட்டத்து வீடுகளுக்குப் பின்னது வந்து சேர்ந்துள்ளது. இரண்டாம் ஆட்டக்காரன் இப்பொழுது எங்கும் கிடைக்கின்றான். ஆயினும் அவன் நகர்வைச் சொல்வானேயன்றி, அந்நகர்வின் காரணத்தைக் கற்பிப்பது அரிது. காரணத்தை விளக்கும் ஆசானும், தோல்வியைப் பகிர்ந்து சிரிக்கும் தோழனும் இன்னும் மனிதரிடையேதான் உளர். 128 பைற்றுக்குள் போர்க்களமொன்றை அடக்கியவர்களின் வரலாறு, குறைந்த வசதியோடு பெரிய வினாவை எதிர்கொள்ளும் எவருக்கும் ஊக்கமளிக்க வல்லது. அதனோடு, கருவி வந்து சேர்வதற்கு நாற்பது ஆண்டு காத்திருந்த மலைநாட்டில், கற்பிப்போரும் காத்திருக்கப்படலாகாது என்பதை நினைவூட்டவும் அது வல்லது.