பின் ஆக்ஸிலுக்குள் ஒரு பிஸ்கட் டின்

போன ஆவணியில் ஒரு சிஜே-3பி ஜீப் என் பட்டறைக்கு வந்தது. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் நாலாம் கையோ ஐந்தாம் கையோ வாங்கியது. இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து பிரேக் லைனர் ஊறிப்போயிருந்தது. ஹப்பை இழுத்துவிட்டு பேக் பிளேட்டைப் பிரித்தேன். அதற்கும் ஆக்ஸில் ஹவுசிங்குக்கும் நடுவில், ஷாஃப்ட்டின் ஆட்டத்தை அளவில் வைக்கும் நாலு சிம் தகடுகள். மூன்று கம்பெனித் தகடு. நாலாவது, யாரோ பிஸ்கட் டின்னைக் கத்தரித்துச் செய்தது. ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜீப்பின் கதை என்றால் எல்லோரும் யுத்தத்தைப் பேசுவார்கள், இன்ஜினைப் பேசுவார்கள். போடிநாயக்கனூரில் நாற்பது வருஷத்துக்கு மேல் அதன் பின் ஹவுசிங்குக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். எனக்கு அந்தக் கதை சக்கரத்தின் உள்பக்கத்தில்தான் கிடைத்தது.

1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டு உருவான வண்டி அது. யுத்தம் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் 6 லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். அந்த ராணுவ ஜீப்பின் பின் ஆக்ஸில் ஃபுல் ஃப்ளோட்டிங். சக்கரம் இரண்டு பேரிங்குகளின் மேல் ஹவுசிங் குழாயிலேயே உட்கார்ந்திருக்கும். பாரம் குழாய்க்கு, உள்ளே ஓடும் ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுற்றிவிடும் வேலை மட்டும். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழலாது. 1945இல் பொதுமக்களுக்கென்று வந்த சிஜே-2ஏயிலும் ஆரம்பத்தில் இதே ஏற்பாடுதான். சீக்கிரமே அதை மாற்றி செமி ஃப்ளோட்டிங் ஆக்கினார்கள். சுற்றுவதும் ஷாஃப்ட், பாரம் சுமப்பதும் ஷாஃப்ட் என்றானது. பக்கத்துக்கு ஒரே ஒரு டேப்பர் பேரிங். கூம்பாகச் சீவிய ஷாஃப்ட் நுனியில் ஹப் இறுகி உட்காரும். நடுவே ஒரு கீ, வெளியே பெரிய நட்டு, கோட்டர் பின். எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தது இந்த ஆக்ஸில்தான்.

1945இல் லூதியானாவில் இரும்பு வியாபாரத்துக்காக மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி, 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தது. பிரிவினையில் கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் போனார். பின்னாளில் அங்கே கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. அவர்கள் செய்த ஜீப்புகள் தேனிப் பக்கத்துக்கு வந்து பிடித்த வேலை, கேரள மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுவது. விடியும் முன் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். இருக்கைக் கணக்கெல்லாம் ஏட்டில்தான். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அத்தனை பேரின் எடையும் வெளிப்பக்கச் சக்கரத்தின் ஒற்றைப் பேரிங்கில் சாயும். மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் சேர்த்துத் தாங்கத்தான் ஹென்றி டிம்கன் என்ற குதிரைவண்டித் தொழில்காரர் 1898இல் டேப்பர் ரோலருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய கூம்பு உருளைகள்தான் எங்கள் ஊர்ப் பெண்களைத் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

1976இல், பதின்மூன்று வயதில் பட்டறையில் சேர்ந்தேன். அப்போது எங்களிடம் ஹப் புல்லர் இல்லை. நட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, கழன்று விழாமல் பின்னை மாட்டி, பட்டறை முன்னால் வண்டியை எட்டுப் போடவிடுவார் மேஸ்திரி. ஏழெட்டுத் தடவை வளைத்தால் "டப்" என்று ஹப் கூம்பை விட்டு வரும். சுத்தியலால் அடித்துக் கழற்ற மட்டும் அவர் ஒருநாளும் விடவில்லை. ஹவுசிங்கின் நடுவில் இரண்டு ஷாஃப்ட்டும் முட்டிக்கொள்ள ஒரு கட்டை இருக்கிறது. இந்தப் பக்கம் விழும் அடி அதன் வழியாகப் போய் அந்தப் பக்கப் பேரிங்கைக் கெடுத்துவிடும்.

அன்றைக்குச் சில வண்டிகளில் தோல் சீல்தான். அதை எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் ஏற்ற வேண்டும். காய்ந்த சீலை நான் அப்படியே ஏற்றி, அது ஷாஃப்ட்டில் உரசிக் கருகி, இரண்டே நாளில் வண்டி திரும்பி வந்ததும் உண்டு. இன்னொரு தடவை, நன்றாக ஊறவைத்துப் போட்ட சீலும் ஒழுகியது. மேஸ்திரி வந்து பார்த்தார். "சீலை விடுடா. மேல மூச்சுக்குழாயப் பாத்தியா?" ஹவுசிங்கின் தலையில் உள்ள அந்தச் சின்னக் குழாயைச் சேறு அடைத்திருந்தது. மேடேறிச் சூடான ஹவுசிங்கில் காற்று விரிந்து, போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது. அதே சூட்டோடு வண்டி ஓடையில் இறங்கினால் காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிடும். ஒரு குத்தூசியால் தீர்கிற வேலைக்கு எத்தனை சீல் மாற்றியிருக்கிறோம்!

பதினேழு வயதில் செய்த தப்பு இன்னும் உறுத்துகிறது. ஹப் நட்டை 150 அடி-பவுண்டு முறுக்க வேண்டும். பின் ஓட்டை நேர்படவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் நேர்படுத்த வேண்டும். நான் கால் சுற்றுத் தளர்த்திப் பின்னை மாட்டிவிட்டேன். மறுநாள் ஏற்றத்தில் ஹப் கூம்பில் வழுக்கி, கீ வெட்டுப்பட்டது. ஷாஃப்ட் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை; டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். ஒரு பக்கக் கீ போனால் அந்தப் பிடியும் போச்சு. டிரைவர் கால் பிரேக்கை மிதித்தபடியே கத்த, பெண்கள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அதில் ஒரு அக்கா பட்டறைக்கே வந்து, "யாருப்பா சக்கரம் மாட்டுனது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி, "நான்தாம்மா" என்றார்.

இப்போது இந்த ஆக்ஸில் வருவது வருஷத்துக்கு மூன்றோ நாலோ. சிம் வைக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். ஷாஃப்ட்டை உள்ளும் வெளியும் ஆட்டினால் 1 முதல் 6 வரை இருக்கலாம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். குறைந்தால் பேரிங் காய்ந்து பிடிக்கும், கூடினால் சக்கரம் ஆடிச் சீலைத் தின்னும். இடதில் வைக்கிற கனமே வலதிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுக்கட்டை நடுவில் நிற்காது.

டின் தகட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம்தான். ஏதோ அவசரத்துக்குச் செருகியது என்று நினைத்தேன். வலது பக்கத்தையும் பிரித்தேன். அங்கேயும் மூன்று கம்பெனித் தகடு, நாலாவது அதே டின், அதே சிவப்பு. போல்ட் ஓட்டைகளைக்கூட அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தார், யாரோ அவர். இரண்டு பக்கமும் புதுப் பேரிங் ஏற்றி, புது சீல் போட்டு, பழைய தகடுகளையே திரும்ப வைத்து டயல் கேஜைப் பொருத்தினேன். முள் 4இல் நின்றது.

தம்பி, "புதுத் தகடு வாங்கிட்டு வரட்டுமாண்ணே?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூச்சுக்குழாயைக் குத்தூசியால் குத்த ஆரம்பித்தேன்.