ஏற்கெனவே போட்டுவைத்த டிக்

2012 தீபாவளி லீவு. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஊருக்குப் போய்ப் பையை இறக்கிவைப்பதற்குள் அப்பா, "தம்பி, கம்ப்யூட்டர்ல என்னமோ ஏறி உக்காந்திருக்குடா, கொஞ்சம் பாரேன்" என்றார். பிரவுசரைத் திறந்தேன். மேலே நான்கு டூல்பார்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. வானிலை, ஸ்மைலி, கூப்பன், மூன்று தேடல் பெட்டிகள். மிச்சமிருந்த பாதித் திரையில்தான் மனுஷன் தினமும் பேப்பர் படித்திருக்கிறார்.

கண்ட்ரோல் பேனலுக்குப் போய் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்தேன். ஆட்-ஆன் பட்டியலையும் துடைத்தேன். மறுபடி திறந்தால் முகப்பில் அதே பக்கம். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. டெஸ்க்டாப்பில் இருந்த பிரவுசர் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில், டார்கெட் என்ற கட்டத்தின் கடைசியில், ஒரு வலை முகவரியை ஒட்டிவைத்திருந்தார்கள். எல்லாம் அப்பா டவுன்லோடு செய்த இலவச பிடிஎஃப் மென்பொருளோடு வந்தது.

"எல்லாத்துக்கும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு குடுப்பீங்களாப்பா? படிச்சுப் பாக்க மாட்டீங்களா?" என்று கத்தினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

நான் யாரிடம் கத்தியிருக்க வேண்டும் என்பது அந்த டூல்பார்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் புரிந்தது.

கதை 1997இல் தொடங்குகிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4இல் மைக்ரோசாஃப்ட் 'பிரவுசர் ஹெல்பர் ஆப்ஜெக்ட்' என்ற வசதியைக் கொடுத்தது. வெளியார் எழுதிய நிரல் பிரவுசரோடு சேர்ந்தே எழும். நீங்கள் பார்க்கும் பக்கத்தைப் படிக்கும், மாற்றவும் செய்யும். நல்லதற்கும் பயன்பட்டது. 2000 டிசம்பரில் வந்த கூகுள் டூல்பாரை மக்கள் தேடிப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். பாப்-அப் விளம்பரங்களைத் தடுக்கும் வசதி எக்ஸ்ப்ளோரருக்கு வருவதற்கு முன்பே அந்த டூல்பாரில் வந்துவிட்டது.

பிறகு பணம் வந்தது. உங்கள் தேடல் எந்தப் பெட்டி வழியாகப் போகிறதோ, அந்தப் பெட்டிக்காரருக்கு விளம்பர வருமானத்தில் பங்கு. ஆகவே இலவச மென்பொருள் தருபவர்களுக்குக் காசு கொடுத்து, அவர்களுடைய இன்ஸ்டாலருக்குள் டூல்பாரை ஏற்றினார்கள். டூல்பார் தொழிலில் வளர்ந்த இஸ்ரேலின் காண்டூயிட் நிறுவனத்தில் 2012இல் ஜேபி மார்கன் 10 கோடி டாலர் முதலீடு செய்தது. நான் அப்பாவைத் திட்டிய அதே வருஷம்!

பெரிய பெயர்களும் தப்பவில்லை. ஆரக்கிளின் ஜாவா அப்டேட்டோடு ஆஸ்க் டூல்பார் வந்தது. டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். இன்ஸ்டால் முடிந்ததும் அது உடனே உள்ளே வராது, பத்து நிமிஷம் காத்திருந்து வரும். சந்தேகப்பட்டு உடனே கண்ட்ரோல் பேனலைத் திறந்தவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது. 2011 டிசம்பரில், தான் எழுதிய என்மேப் என்ற இலவச மென்பொருளை டவுன்லோடு.காம் தளம் டூல்பாரோடு சுற்றி விநியோகிப்பதைப் பார்த்து கார்டன் லயன் பகிரங்கமாகக் கொதித்தார். எழுதியவரிடமே கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். நெதர்லாந்து மாணவர் மெரைன் பெல்லகாம் எழுதிய ஹைஜாக்திஸ் எது நல்லது, எது கெட்டது என்று சொல்லாது. பிரவுசருக்குள் இருப்பதையெல்லாம் வரிசையாக எழுதிக் காட்டும். ஓ2 என்றால் ஹெல்பர் ஆப்ஜெக்ட், ஓ3 என்றால் டூல்பார். எதை நீக்குவது என்பது உங்கள் பொறுப்பு. 2007இல் அதை டிரெண்ட் மைக்ரோ வாங்கியது.

இந்த டூல்பார்களைச் சட்டென்று வைரஸ் என்று சொல்லிவிட முடியாது. அவற்றிடம் ஒரு பதில் இருந்தது: "நீங்கதானே சம்மதிச்சீங்க?" அந்தச் சம்மதம் ஏற்கெனவே போட்டுவைத்த டிக். 2015 ஜூனில்தான் ஆஸ்க் டூல்பாரின் பழைய பதிப்புகளைத் தேவையற்ற மென்பொருள் என்று மைக்ரோசாஃப்ட் நீக்கத் தொடங்கியது. 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், பிளானெட்49 என்ற ஜெர்மன் நிறுவனத்தின் குக்கி வழக்கில், முன்கூட்டியே போட்ட டிக் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

இதற்கு நடுவில், 2017இல், நான் வேலை பார்த்த கம்பெனியில் எனக்கு ஒரு வேலை வந்தது. பில்லோடு 49 ரூபாய்க்கு ஒரு பாதுகாப்புத் திட்டம். பெட்டியில் டீஃபால்ட்டாக டிக் இருக்க வேண்டும். நிரலில் சேர்க்க வேண்டியது ஒரே ஒரு சொல். சேர்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் எத்தனை பேருடைய அப்பாக்கள் நெக்ஸ்ட் கொடுத்தார்களோ.

இப்போது அப்பா போனில் எது புதிதாக வந்தாலும் எனக்குக் கூப்பிடுகிறார். "தம்பி, இதுல டிக் போட்டே வந்திருக்கு. எடுக்கவா, வேணாமா?"

"எடுத்துடுங்கப்பா" என்கிறேன். 2012இல் கத்தியதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. 2017இல் செய்ததை அவரிடம் சொல்லவும் இல்லை.