நிறையும் கதியும்: கல்முனைக் கரையிற் பௌதிகச் சொற்கள்

கல்முனைச் சந்தையிலே மீன் வணிகர் தராசைத் தூக்கிப் பிடித்து, "நிறை சரிதானே?" என்று கேட்கின்றார். அவர் மகன் பாடசாலையிலே, நிறை என்பது ஒரு பொருளின் திணிவின்மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை எனப் படிக்கின்றான். தமிழகத்தில் அச்சான இயற்பியல் நூலொன்று அம்மாணவன் கைக்கு எட்டுமாயின் இடர்ப்பாடு தொடங்கிவிடுகின்றது. நாம் திணிவு என்பதை அந்நூல் நிறை என்னும். நாம் நிறை என்பதை எடை என்னும். நமது கதி அங்கே வேகம். நமது வேகம் அங்கே திசைவேகம். ஐம்பது கிலோகிராம் திணிவுள்ள நெல் மூடையின் நிறை ஏறத்தாழ 490 நியூற்றன். சொல் மாறினால் விடை பத்து மடங்கு பிழைக்கும். ஒரே மொழியைப் பேசுவோரிடையே இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று?

இவ்வரலாற்றைத் தேடுவோர் கல்முனைக்கு அயலிலேயே தொடங்கலாம். சுவாமி விபுலானந்தர் 1892 இற் காரைதீவிற் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் பயின்றவர். அவரைத் தமிழ்ப் பேராசிரியராகவும் 'யாழ் நூல்' ஆசிரியராகவும் அறிந்த பலர், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற அறிவியலாசிரியராக அவரை அறியார். 1936 இற் சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவரே. அம்முயற்சியின் பயனாகிய கலைச்சொற்கள் 1938 இல் வெளிவந்தன. இரு கரையாரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த அந்நிலை நீடிக்கவில்லை. சுதந்திரத்தின் பின்னர் இலங்கையிலே தாய்மொழிவழிக் கல்வி மேல்வகுப்புகளை எட்டவே, அரச கரும மொழித் திணைக்களத்தார் 1950களிலே தமக்கெனச் சொற்றொகுதிகளை வகுக்கலாயினர். தமிழகத்தார் தம் வழியே சென்றனர்.

நம்மவர் தெரிந்தெடுத்த சொற்களுட் சில இக்கரையின் பேச்சோடு ஒட்டியிருத்தல் நோக்கற்பாலது. "கெதியா வா மகன்" என்று தாய் அழைக்குங்கால் அவள் வாயில் வழங்குவது கதி என்னும் சொல்லே. வண்டில் மாட்டை முடுக்குதல் என்பதிலிருந்து ஆர்முடுகலும் அமர்முடுகலும் பிறந்தன. நிறையோ தொல்காப்பியம் அளவுப்பெயரோடு சேர்த்து விதி கூறும் பழஞ்சொல். எனினும், தமிழகத்தார் பக்கமும் ஒரு நியாயமுண்டு. இருதட்டுத் தராசு உண்மையில் ஒப்பிடுவது திணிவையே. சந்திரனிலும் அத்தராசு சமமாகவே நிற்கும். விற்றராசுதான் அங்கே ஆறிலொரு பங்கு காட்டும். ஆகவே மீன் வணிகர் "நிறை" என்றபோது அவர் தமிழகத்து நூலின் பொருளிலேயே பேசினார்!

ஆயின் சொற்களைக் காட்டிலும் எடுத்துக்காட்டுகளே எனக்குப் பெருங்குறையாகப் படுகின்றன. விசைகளின் விளையுளைக் கற்பிப்போர் கரும்பலகையில் இணைகரம் வரைகின்றனர். பாடசாலைக்குக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் கடற்கரையிற் கரைவலை இழுப்போரைக் காணலாம். தோணியிற் சென்று வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் எட்ட எட்ட நின்று பற்றுகின்றனர். கயிறுகளிரண்டும் 120 பாகைக் கோணத்தில் விரிந்திருக்கையில், சம வலியுடைய அவ்விரு கூட்டத்தாரின் விளையுள் ஒரு கூட்டத்தாரின் இழுவைக்கே ஈடாகும். அவர்கள் இழுத்தவாறே ஒருவரையொருவர் நெருங்கி வர வரக் கோணம் சுருங்குகின்றது. 60 பாகையில் விளையுள் ஒன்றேமுக்கால் மடங்கிற்குச் சற்றுக் குறையும். கயிறுகள் சமாந்தரமாகும்போது இரு மடங்காகும். மீன் நிறைந்த மடி கரையை அணுகும் வேளையிலேதான் அவ்வலிமை வேண்டப்படுகின்றது. வாய் குறுகுவதால் மீனும் தப்பாது. குதிகாலை மணலிற் புதைத்துப் பின்சாய்ந்து நிற்பது உராய்வையும் மறுதாக்கத்தையும் துணைக்கொள்ளவே. அம்பாப் பாட்டின் தாளமோ பலர் விசையை ஒரே கணத்திற் சேர்க்கின்றது. தனித்தனியே இழுத்தால் வலை அசையாது. இக்கணக்கை எழுத்தறியாத முதியவரும் கால்களால் அறிவர்.

மருதமுனைத் தறிகளையும் ஒரு சொல்லில் விடுதல் தகாது. நியூற்றனின் இயக்க விதிகள் 1687 இல் வெளிவந்தன. ஜோன் கே என்னும் ஆங்கிலேயர் கயிற்றை வெட்டியிழுத்து நாடாவை ஓட்டும் முறையை 1733 இற் கண்டார். அதற்கு முன்னர் அகன்ற துணிக்கு நாடாவைக் கைக்குக் கை எறிய இருவர் வேண்டியிருந்தது. சாரம் நெய்பவர் கயிற்றை ஒருமுறை வெட்டுகின்றார்; தள்ளிய கட்டை நின்றுவிடுகின்றது, நாடாவோ பாவின் ஊடே மறுபக்கப் பெட்டிவரை ஓடுகின்றது. இதனை நமது நூல்கள் சடத்துவம் என்னும். தமிழகத்தார் நிலைமம் என்பர். இவ்விடத்தில் மட்டும் அவர்கள் சொல்லே எனக்கு உவப்பானது. சடம் என்றதும் மாணவன் மனத்தில் அசையாத பொருளே தோன்றுகின்றது, ஓடும் நாடா தோன்றுவதில்லை.