வேங்கடத்து அடிவாரத்தில் கற்கால வேட்டுவர்

முன்னுரை

தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறும் வேங்கடம், சங்கப் பாடல்கள் பலவற்றில் பொருள்வயிற் பிரிந்தோர் கடந்து செல்லும் அரிய சுரமாகக் காட்சி தருகின்றது. ஆயின், அம்மலைப் பகுதியில் கிடைத்த கற்கருவிகள், பாடல்கள் தோன்றுதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பே மக்கள் அங்குத் தங்கி வாழ்ந்தமையைப் புலப்படுத்துகின்றன. அச்சான்றின் சிறப்பை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரேணிகுண்டாச் சான்று

1930ஆம் ஆண்டில் காமியாட், பர்கிட் ஆகிய இருவரும் தென்கிழக்கிந்தியக் கற்கருவிகளை நான்கு தொகுதிகளாகப் பகுத்தனர். அவற்றுள் மூன்றாவது, நீண்டு ஒடுங்கிய கல்லலகுகளையும் செதுக்குளிகளையும் கொண்டது. எனினும், ஐரோப்பாவிற் காணப்படும் மேலைப் பழைய கற்காலம் இந்தியாவிலும் நிலவியதா என்னும் ஐயம் நெடுங்காலம் நீடித்தது. முன்பு சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் ரேணிகுண்டாவின் அருகே கண்ட இத்தகைய கருவிகளைப் பற்றி எம். எல். கே. மூர்த்தி 1968இல் எழுதிய ஆய்வு, அவ்வையத்தைப் போக்கத் துணைநின்றது.

பழைய கைக்கோடரி கனமானது. கல்லலகோ ஒரே மூலக்கல்லிலிருந்து பலவாகப் பெயர்த்தெடுக்கத் தக்கது. பிடியிற் பொருத்திப் பயன்படுத்தவும் ஏற்றது. குறைந்த கல்லிலிருந்து மிகுந்த வெட்டுமுனை பெறும் இம்முறை, பருவந்தோறும் இடம்பெயர்ந்து வாழ்ந்தோர்க்குப் பெரிதும் பயன்பட்டிருக்கும்.

நிலமும் வாழ்வும்

இங்கு மலையும் சமவெளியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மலைகள் குவார்ட்சைட் கல்லைத் தந்தன. சுனைகளும் ஓடைகளும் நீர் தந்தன. முட்புதர்க் காடு கிழங்கும் தேனும் வேட்டையும் அளித்தது. ஒரு வளம் குன்றியபோது மற்றொன்றை நாடுதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திறந்தவெளியில் எலும்புகள் எளிதில் அழிவனவாதலின், அக்கால மக்களின் உணவை அறிதற்குக் கர்நூல் குகைகளே துணையாகின்றன. அங்கு விலங்கெலும்புகளோடு எலும்புக் கருவிகளும் கிடைத்துள்ளன.

தேனெடுத்தல், கிழங்கு அகழ்தல், சிறுவிலங்கு பிடித்தல் ஆகியவற்றில் வல்ல யானாதியரின் வாழ்க்கையையும் மூர்த்தி ஒப்பிட்டு ஆராய்ந்தார். நிலத்தின் வளங்களை அறிதற்கு இவ்வொப்பீடு உதவும். ஆனால், யானாதியர் கற்காலத்தின் எச்சமல்லர். வேளாண் குடிகளோடும் சந்தையோடும் நெடுங்கால உறவுடைய இக்கால மக்களே ஆவர். அவர்தம் அறிவைச் சான்றாகக் கொள்வது வேறு. அவரையே பழம்பொருளாகக் கருதுவது வேறு.

முடிவுரை

வழிச்செல்வோர்க்குச் சுரமாகத் தோன்றிய நிலம், அதன் பருவமும் கல்லும் நீரும் அறிந்தோர்க்கு உறைவிடமாயிற்று. எனவே, வறள்நிலத்தை வேறிடமின்மையால் மக்கள் ஒதுங்கிய நிலமெனக் கொள்வது பொருந்தாது. அறிந்து தேர்ந்த வாழ்விடம் எனக் கொள்வதே ரேணிகுண்டாச் சான்றுக்கு இயைவதாகும்.