கணினியின் தொடக்கப் பாதுகாப்பு: சாவியிலிருந்து கையொப்பம் வரை

1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினிக்குத் தொடக்கக் காவல் எதுவும் இல்லை. ரோம் சில்லில் பதிந்திருந்த பயாஸ் நிரல், வட்டில் எந்த இயங்குதளம் இருந்தாலும் அதை ஏற்றியது. அமைப்புகளை மாற்றத் தாய்ப்பலகையில் இருந்த சிறு சுவிட்சுகளைத் தள்ள வேண்டும். 1984இல் வந்த ஏடி மாடலின் முகப்பில் சாவிப் பூட்டு இருந்தது; பூட்டினால் விசைப்பலகை இயங்காது, மூடியையும் திறக்க முடியாது. அமைப்புகள் மின்கலத்தால் இயங்கும் சிமாஸ் நினைவகத்துக்கு மாறின. பிற்காலக் கணினிகளில் சாவியின் இடத்தைக் கடவுச்சொல் பிடித்தது. ஆனால் பல தாய்ப்பலகைகளில் மின்கலத்தைக் கழற்றினாலே அது அழிந்துவிடும்.

கணினியைத் திறந்து பார்ப்பவரைத் தடுக்கவே இவை பயன்பட்டன. வட்டின் வழியே வரும் நிரலைத் தடுக்கவில்லை. 1986இல் லாகூரில் உருவான ‘பிரெய்ன்’ வைரஸ் நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறியது. அதே வழியில் பரவிய ‘மைக்கேலாஞ்சலோ’ 1992 மார்ச் 6 அன்று உலகெங்கும் அச்சத்தைக் கிளப்பியது. பயாஸ் தயாரிப்பாளர்கள் தொடக்கப் பகுதியில் எழுத முயன்றால் எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தனர். புதிய இயங்குதளத்தை நிறுவுவதும் அதே பகுதியில் எழுதுவதால், அப்போது அதை அணைத்துவைக்க வேண்டியிருந்தது. பயாஸையே அழித்தெழுத முடியும் என்பதை 1999 ஏப்ரல் 26 அன்று ‘சிஐஎச்’ வைரஸ் காட்டியது.

பயாஸுக்கு மாற்றாக இன்டெல் தொடங்கிய இஎஃப்ஐ திட்டம், 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த யூஇஎஃப்ஐ மன்றத்தின் கைக்கு வந்தது. அதன் ‘செக்யூர் பூட்’ முறையில், நம்பகமான திறவுகோலால் கையொப்பமிட்ட நிரல் மட்டுமே தொடங்கும். 2012இல் விண்டோஸ் 8 முத்திரை பெற விரும்பிய கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் இதைக் கட்டாயமாக்கியது. தங்கள் இயங்குதளம் தொடங்காமல் போகுமோ என்று லினக்ஸ் பயனர்கள் கவலையுற்றனர். எக்ஸ்86 கணினிகளில் உரிமையாளர் இதை அணைக்கவும் சொந்தத் திறவுகோலைப் பதிக்கவும் வழி இருக்க வேண்டும் என்றது விதி. ஏஆர்எம் கருவிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற ‘ஷிம்’ என்ற சிறுநிரல் வழியே லினக்ஸும் தொடங்கலாயிற்று. விண்டோஸ் 10 காலத்தில், அணைக்கும் வசதியைத் தருவது தயாரிப்பாளரின் விருப்பமானது.

2021இல் விண்டோஸ் 11, செக்யூர் பூட் திறனையும் திறவுகோல்களைக் காக்கும் டிபிஎம் 2.0 வசதியையும் கேட்டது. பழைய பயாஸ் முறையில் நிறுவிய கணினிகளில் முதலில் வட்டை எம்பிஆர் என்ற பழைய பகிர்வு வடிவத்திலிருந்து ஜிபிடி என்ற புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் யூஇஎஃப்ஐக்குத் தாவினால் விண்டோஸ் தொடங்காது. விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் பூட்டிய வட்டு மீட்புத் திறவுகோலையும் கேட்கலாம். 2023இல் வெளிப்பட்ட ‘பிளாக்லோட்டஸ்’ என்ற தீநிரல், கையொப்பம் இருந்தும் ஓட்டையுள்ள பழைய கோப்புகளைக் கொண்டு இந்தக் காவலைத் தாண்டியது. அதனால் செக்யூர் பூட்டை இயக்கிவைப்பதோடு, விலக்கப்பட்ட கோப்புகளின் பட்டியலைப் புதுப்பிப்பதும் தேவையாயிற்று.