அஞ்சல் ஓட்டம்

பிழைப்பின் பொருட்டுப் பட்டான்செருவில் குடியேறிய நம்மில் மூத்தோர், ஊர்க் கடிதத்திற்குக் காத்திருந்த நாட்களை மறவார். அக்கடிதங்கள் புகைவண்டியில் வந்தன. அதற்கும் முற்காலத்தில், கடிதம் மனிதர் காலில் ஓடியே வந்தது. கோல் மாற்றி ஓடும் பந்தயத்தை அஞ்சல் ஓட்டம் என்று நாம் வழங்குவது எத்துணைப் பொருத்தம்!

கி.பி. 1333-இல் சிந்து நாட்டை அடைந்த மொராக்கோ யாத்திரிகர் இப்னு பதூதா, தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் அஞ்சலோட்டக்காரரைக் கண்டு வியந்து எழுதியிருக்கின்றார். மைலுக்கு மூன்று நிலைகள். ஓடுவோன் ஒரு கையில் கடிதம். மறு கையில், நுனியிலே செம்பு மணிகள் கட்டிய இருமுழக் கோல். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையினன் எழுந்து நிற்பான், கடிதம் கைமாறும். குதிரை அஞ்சலினும் இது விரைவுடையதாம். சிந்துவிலிருந்து தில்லிக்கு ஐம்பது நாள் வழி. கடிதம் சென்றதோ ஐந்தே நாளில்! சுல்தான் நம் தக்கணத்துத் தௌலதாபாத்தில் தங்கிய காலத்தில், நாற்பது நாள் வழிக்கு அப்பாலிருந்து கங்கை நீரும் இவ்வாறே ஓடி வந்தது. அரசர் ஒருவரின் தாகம் தணிய எத்தனை கால்கள் தேய்ந்தனவோ!

திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்திலும் அஞ்சற்காரர் மணிகட்டிய கோலுடன் ஓடினர். அவ்வஞ்சல் 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது.

ஏடுகள் தொலைவை எழுதின, நாட்களை எண்ணின. ஓடியவன் உள்ளத்தை எழுதினாரில்லை. வயிற்றுக்காக ஓடியவனுக்கு இன்பம் ஏது என்பர் சிலர். நான் அதற்கு உடன்படேன். நாற்று நடுபவளும் பாடுகின்றாள் அன்றோ? நெடுந்தொலைவு ஓடுவோர்க்குத் தொடக்கத்தில் உடல் முரண்டும். பின்னர் மூச்சும் அடியும் ஒரு தாளத்தில் இசையும். கவலை கழன்று விழும். அத்தாளம் கோலேந்தி ஓடியவனுக்கும் வாய்த்தே இருக்கும்.

1896-இல் ஏதென்சு ஒலிம்பிக் விழாவில் மாரத்தான் ஓட்டத்தை வென்ற ஸ்பிரிடான் லூயி, தண்ணீர் சுமந்து பிழைத்தவர். நம் நாட்டுச் சிவநாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பழகிய போர்வீரர். 1978-இல் ஜாலந்தரில் அத்தொலைவை 2 மணி 12 நிமிடத்தில் கடந்தார். புதுக்கோட்டைச் சீமையின் இலட்சுமணன், 2017-இல் புவனேசுவரத்து ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் பொற்பதக்கம் பெற்றார்.

இன்று விடியலில் நம் குடியிருப்புச் சாலைகளிலும் ஆணும் பெண்ணும் ஓடக் காண்கின்றோம். அவர் கையில் கடிதமில்லை, கோலுமில்லை, ஏவுவார் எவருமில்லை. நின்று வியர்வை துடைக்கும்போது அவர் முகத்தைச் சற்றே நோக்குங்கள்.